பன்னிரண்டு கிலோ

போன வாரம் அவள் வேலையை விட்டாள். இந்த வாரம் வீட்டை.

வீட்டில் நான்கு அறைகள், பின்னால் தனியாக ஓர் அறை. படகு பத்து மீட்டர். அவள் கணவன் தச்சன். பழைய உடைசலாக வாங்கிய பாய்மரப் படகை ஆறு வருடம் இழைத்து, மாற்றி, மிதக்க வைத்திருக்கிறான். அப்பா, அம்மா, பதினான்கு வயது மகள், மூவரும் அதிலேயே குடியிருந்து ஒரு வருடம் கரை கரையாகப் போவதாக ஏற்பாடு. நாளை மறுநாள் காலை கயிறு அவிழ்க்க வேண்டும். இன்று முதல் படுக்கை படகில்.

நான்கு அறைச் சாமான் பத்து மீட்டருக்குள் நுழையாது. அதற்காக ஒரு விதி. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மூடியோடு பன்னிரண்டு கிலோ. உள்ளே என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பெட்டியை இன்னொருவர் திறக்கக் கூடாது. படகில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார இடம் கிடையாது. ஒரு பெட்டியாவது சொந்தமாக இருக்கட்டும் என்று அவள்தான் விதி போட்டாள்.

அவளே அதை மீறும்படியான நிலைமை இன்று காலை எட்டரை மணிக்கு வந்தது.

பெட்டிகளை வாசலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். தன்னுடையது பன்னிரண்டு. மகளுடையது பன்னிரண்டு நானூறு. அந்த நானூறு கிராமுக்குப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள். பார்சல் கவுன்டரில் பத்தொன்பது வருடம் இருந்தவள். தூக்கினாலே எடை சொல்வாள். நூறு கிராம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, கணவனுடையது. முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள்.

பெட்டி அவள் தாடைவரை பறந்து வந்தது. பின்னால் சுவர் இல்லாவிட்டால் மல்லாந்திருப்பாள்.

நாலு சுற்று டேப். மேலே அவன் கையெழுத்தில் ‘அப்பா’. ஆட்டினாள். உள்ளே ஏதோ ஒன்று மெல்லச் சறுக்கி ஓரத்தில் இடித்தது.

வேலையை விட்ட நாளில் அலுவலகத்தில் அவளுக்குக் கொடுத்தது ஒரு கொக்கித் தராசு. அதில் மாட்டினாள். இரண்டு கிலோ. வெறும் பெட்டி மட்டும் ஒரு கிலோ தொள்ளாயிரம். வாங்கிய அன்றே நிறுத்து எழுதிவைத்திருந்தாள்.

உள்ளே இருப்பது நூறு கிராம்.

ஒரு வருடத்துக்கு நூறு கிராம் போதும் என்கிறவன் சாமியாராகப் போகிறவன். இல்லாவிட்டால், போகாதவன்.

பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவன் ஸ்டூலில் ஏறி அலமாரியின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“உங்க பெட்டி ரெடியா?”

“ரெடி. டேப்பே போட்டாச்சு.”

“வாசல்ல கொண்டு வைக்கட்டுமா?”

“வேண்டாம் வேண்டாம்.” ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் கீழே விழுந்தது. “கனமா இருக்கு. உனக்கு இடுப்பு பிடிச்சுக்கும். நான் பாத்துக்கறேன்.”

“அப்படி என்னத்த வச்சிருக்கீங்க?”

“கேக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?”

“திறக்கத்தான் கூடாது. கேக்கலாம்.”

அவன் கீழே இறங்கி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மறுபடி ஏறினான். யோசிக்க அவனுக்கு அந்த நேரம் தேவைப்பட்டது.

“உளி. சின்ன இழைப்புளி. ரெண்டு சட்டை.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அதனால்தான் இருப்பதிலேயே கனமான பொய்யாகப் பார்த்துச் சொன்னான். பலகையைத் தட்டிப் பார்த்தே ஈரம் சொல்கிறவன், பெண்டாட்டி தூக்கிப் பார்த்தே எடை சொல்வாள் என்பதை எப்படி மறந்தான்?

 அவள் மண்டைக்குள் வண்டு குடைய ஆரம்பித்தது.

*

பத்து மணிக்கு நாத்தனார் வந்தாள். கணவனின் தங்கை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஐந்தடி உயரம்; வாய் மட்டும் ஆறடி. இந்த ஒரு வருடமும் வீட்டில் குடியிருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான்.

குடிவருகிறவள், ஒரே ஒரு பையோடு காரிலிருந்து இறங்கினாள்.

“மீதி சாமான் எங்க?”

“லாரில வருது அண்ணி.”

“எப்போ?”

“அது வரும், சாவகாசமா.”

“அதுவரைக்கும் எதுல படுப்ப?”

“எனக்கென்ன, எங்க சாஞ்சாலும் தூக்கம் வரும். சிக்னல்லயே தூங்கியிருக்கேன்.”

“கிளாஸ் எடுக்கும்போதா?”

“பின்னே? பசங்க நல்லா ஓட்டினா தூக்கம் வராதா?”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாத்தனாரின் பையைப் பார்த்தாள். துணிப் பை. மடக்கினால் கைக்குள் அடங்கும். படகுக்குக் கெட்டியான சூட்கேஸ் கூடாது, மடங்குகிற பைதான் வேண்டும் என்று தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது நினைவு வந்தது. அப்புறம் நாத்தனாரின் காலைப் பார்த்தாள். புது ஷூ. அடிப்பாகம் வெள்ளை ரப்பர். கறுப்பு ரப்பர் படகின் தளத்தில் கோடு போடும், வெள்ளை போடாது. கார் ஓட்டுகிறவளுக்கு அது எதற்கு?

மகள் உள்ளேயிருந்து வந்தாள். ஒல்லி, நாக்கு கூர், வீட்டில் பெயர் குண்டூசி. அத்தையின் ஷூவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். “எதையோ மறந்துட்டேன்” என்று, வந்த வேகத்தில் உள்ளே போனாள்.

கணவன் பட்டறைச் சாவியை ஒப்படைக்கக் கிளம்பினான். போகும்போது வாசலில் வரிசையாக இருந்த பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தான். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. எப்போது பார்த்துக்கொண்டாலும் ஒரு மணி நேரம் வம்பளக்கிறவர்கள்.

*

சமையல் சாமான்களை டிரைவிங் ஸ்கூல் காரில் ஏற்றினார்கள்.

“நீங்க ஓட்டுங்க அண்ணி. எனக்குப் பக்கத்து சீட்டுதான் கைவந்தது.”

அந்த சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொடுக்கிறவர் அமுக்குவதற்காக. மகள் பின்னால் பாத்திரங்களோடு பாத்திரமாக உட்கார்ந்தாள்.

முதல் திருப்பம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“வீடு மாறதுக்கு உனக்கு ஸ்கூல்ல லீவு கொடுத்தாங்களா?”

“ம். கொடுத்தாங்க.”

“எத்தனை நாள்?”

கார் நடுத்தெருவில் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கித் திட்டினான்.

“நாய் அண்ணி.”

“எங்க?”

“போயிடுச்சு.”

மறுபடி கிளப்பினாள். அவள் பார்த்தவரை அந்தத் தெருவில் பூனைகூட இல்லை. இரண்டு தெரு பொறுத்து, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

“பின் ரூம நீ எடுத்துக்கோயேன். காத்து வரும்.”

“ஐயோ அண்ணி, அது அண்ணனுக்கு—”

இந்த முறை நின்ற வேகத்தில் பெரிய பாத்திரம் உருண்டு வந்து மகளின் மடியில் விழுந்தது.

“அத்தை, இன்னொரு வாட்டி அமுக்கினீங்கன்னா நான் இறங்கி நடந்து வருவேன்.”

“அண்ணனுக்குப் பிடிச்ச ரூமாச்சேன்னு சொல்ல வந்தேன் அண்ணி. அதுல போயி நான் எதுக்கு?”

“அது சரி,” என்றாள் அவள்.

பின் அறை அவனுக்குப் பிடித்த அறை என்பது இருபது வருடத்தில் அவளுக்குத் தெரியாத செய்தி. இன்னொன்றையும் மனதில் குறித்துக்கொண்டாள். நாத்தனாரின் வாய் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லும். கால் சொல்லாது. உண்மை நெருங்கினால் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது.

*

படகு மரத்துறையின் கடைசியில் கட்டியிருந்தது. ஏறி, மூன்று படி இறங்கினால் கேபின். ஒரு பக்கம் அடுப்பு, எதிரே மடக்கு மேஜை, மேஜைக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு படுக்கை, அது கணவனுக்கு. முன்பக்கம் இரண்டு, அவளுக்கும் மகளுக்கும்.

பாய் ஏற்றி இறக்க அவளும் மகளும் இரண்டு வருடம் வாரக் கடைசிகளில் போய்க் கற்றுக்கொண்டார்கள். நாத்தனாரும் பொழுதுபோக்குக்குக் கூட வந்தாள். பிரேக் இல்லாத வண்டி என்று முதலில் அலறினாள்; பிறகு மற்ற இருவரையும்விட நன்றாக ஓட்டினாள். அவன் மட்டும் கற்க வரவில்லை. கட்டுகிற வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்பான். படகிலும் துறையிலும் அவன் ஒரு கையால் எப்போதும் எதையாவது பிடித்திருப்பான். கம்பி, தூண், கதவு. மரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது தச்சன் வழக்கம் என்று நினைத்திருந்தாள்.

சாமான்களை அடுக்கி முடித்தபோது நாத்தனார் அண்ணனுடைய படுக்கையில் பொத்தென்று சாய்ந்தாள்.

“அப்பாடா. இங்க பாருங்க அண்ணி, எனக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி—”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எழுந்த வேகத்தில் தலை மேல்கட்டையில் இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே காற்று வாங்க மேலே போய்விட்டாள்.

அவள் அந்தப் படுக்கையைப் பார்த்தாள். போன மாதம் தண்ணீர்த் தொட்டிக்கு இடம் போதவில்லை என்று அந்தப் பக்கத் தடுப்பை அவன் கொஞ்சம் தள்ளி வைத்தான். கொஞ்சம்தான் என்றான்.

கையை விரித்து அளந்தாள். ஏழு சாண். மறுபடி அளந்தாள். ஏழுதான்.

அவள் கைக்கு அவன் எட்டு சாண். சட்டை தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் அளந்தவள். ஒரு நூல் பிசகினால் பலகையையே தூக்கிப் போடுகிறவன், தன் படுக்கையில் ஒரு சாண் தப்பு விடுவானா?

ஆள் மாற்றியிருக்கிறான். தன் இடத்தில் தங்கையை வைத்திருக்கிறான். காலையிலிருந்து பார்த்ததெல்லாம் வந்து வரிசையில் நின்றது. காலிப் பெட்டி, துணிப் பை, வெள்ளை ஷூ, பின் அறை. கயிறு அவிழ்க்கிற காலையில், கரையில் நின்றபடி சொல்லலாம் என்று இருக்கிறான். அதற்கு மேல் அவள் என்ன செய்ய முடியும்?

 ஏன் என்பது மட்டும் புரியவில்லை. ஏனுக்கு அவளுக்குத் தெரிந்த பதில்கள் எல்லாமே மோசமானவை.

மகள் துறையில் உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டாள், அவிழ்த்தாள், அதையே திரும்பப் போட்டாள்.

“அப்பா பெட்டியில என்ன இருக்கு?”

“எனக்கெப்படித் தெரியும்? திறக்கக் கூடாதே.”

“குண்டூசி.”

மகள் முடிச்சைப் பார்த்தபடி சொன்னாள். “அப்பா சத்தியம் வாங்கிட்டாரும்மா.”

“என்னன்னு?”

“சொல்லக் கூடாதுன்னு.”

“எதை?”

“எதைன்னு சொன்னா சொன்ன மாதிரிதானே?”

அவள் மகளின் அருகே குந்தினாள். கேட்டே விட்டாள். “வேற யாராவது... அப்பாவுக்கு?”

மகள் முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அப்பாவுக்கா? ரம்பத்தத் தவிர அப்பாவ யாரும்மா கட்டி மேய்ப்பாங்க?”

சிரிப்பு சட்டென்று நின்றது. “அவரக் கோவிச்சுக்காதம்மா,” என்றாள்.

அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

*

இரண்டு மணிக்கு, மற்ற இருவரையும் அலமாரி துடைக்கச் சொல்லிவிட்டு, பெட்டிகளை எடுத்து வருவதாகத் தனியாக வீட்டுக்கு வந்தாள். கார் எங்கும் நிற்காமல் வந்தது.

வாசலில் உட்கார்ந்து, கத்தியால் டேப்பைக் கீறினாள்.

உள்ளே ஒரு நோட்டு. பள்ளிக்கூட நோட்டு. தச்சுப் பென்சிலின் தடித்த எழுத்து.

‘இன்ஜின். ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும். நீ மறந்துவிடுவாய். குண்டூசியிடம் சொல்லிவை.’

‘அடியில் இருக்கும் பம்ப். சத்தம் மாறினால் உடனே நிறுத்து. முடி அடைத்திருக்கும். உன் முடிதான்.’

‘முன் ஜன்னல் ஒழுகும். மூன்று முறை பார்த்துவிட்டேன். பாத்திரம் வை.’

இப்படி முப்பது பக்கம். படகில் அவன் தொட்ட ஒவ்வொன்றும் இருந்தது. அவன் பக்கத்தில் இருந்தால் இதில் ஒரு வரிகூடத் தேவைப்படாது.

கடைசிப் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது. ‘நான்.’ கீழே ஒன்றும் இல்லை. பென்சில் சீவிய சுருள்கள் இரண்டு அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. சீவியிருக்கிறான், யோசித்திருக்கிறான், மறுபடி சீவியிருக்கிறான். எழுத வரவில்லை.

அழுகை வரும் என்று பார்த்தாள். கோபம்தான் வந்தது.

பின் அறைக் கதவைத் திறந்தாள். பெட்டியில் இருப்பதாக அவன் சொன்ன உளிகள் வரிசையாகச் சுவரில் தொங்கின. கட்டில் போட்டு, விரித்து, தலையணைகூட வைத்திருந்தது.

நான்கு உளிகளை எடுத்தாள். சின்ன இழைப்புளியை எடுத்தாள். இரண்டு சட்டை. காலையில் அவன் வாயால் சொன்னதெல்லாம் உள்ளே போயிற்று. அதன் மேல் ஸ்வெட்டர், மாற்றுக் கண்ணாடி, நாலு கால்சட்டை, ஓரத்தில் சுத்தியல். கொக்கித் தராசில் மாட்டினாள். பன்னிரண்டு இருநூறு. ஓர் உளியை எடுத்துவிட்டாள். பன்னிரண்டு.

பழைய மாதிரியே நாலு சுற்று டேப் ஒட்டினாள். நோட்டைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

*

நாலு மணிக்கு அவன் பட்டறையிலிருந்து நேராகத் துறைக்கு வந்தான். வழக்கம்போல் தூணில் ஒரு கை. மூன்று பெட்டிகளும் துறையில் வரிசையாக இருந்தன. அவளும் மகளும் நாத்தனாரும் படகில் நின்றார்கள்.

“இதெல்லாம் யாரு தூக்கிட்டு வந்தது?”

“நான்தான்.”

“மூணுமா?”

“மூணும்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்சல் கவுன்டர் முகம். உடைந்த பார்சலைக் கொண்டுவந்து கத்துகிறவர்களுக்குக் காட்டுவது. அதில் அவனால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

அவளுடைய பெட்டியை எடுத்து நீட்டினான். மகளுடையதை நீட்டினான். ஒவ்வொன்றையும் கொடுத்துவிட்டு, கை தூணுக்குத் திரும்பியது.

“என்னோடத அப்புறம் பாத்துக்கலாம்.”

“இப்பவே கொடுங்க. நடுவுல வச்சாத்தான் படகு சாயாது.”

அவன் குனிந்தான். ஒரு கை தூணில். மறு கையால், வெறும் பெட்டியை எடுப்பதுபோல், அலட்சியமாகக் கைப்பிடியில் விரலை மாட்டி இழுத்தான்.

பெட்டி வரவில்லை. தோள்தான் ஒரு பக்கம் இறங்கியது.

குனிந்தபடியே அப்படியே நின்றான். அலை ஒன்று துறைக்கடியில் போய்த் திரும்பி வந்தது. மகள் கையில் இருந்த கயிறு அசையவில்லை. 

“கனமா இருக்கா?” என்று கேட்டாள் அவள்.

“ம்.”

“இருக்கும். உளின்னா இரும்பாச்சே.”

அவன் தூணை விட்டான். இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு விளிம்புக்கு வந்தான். படகு ஏறியது, இறங்கியது. அவன் நீட்டினான்.

“வாங்கிக்கோ.”

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். “பெட்டி மட்டும் தனியா வராது.”

“இங்க பாரு, நான் சொல்றதக் கொஞ்சம்—”

“முப்பது பக்கம் சொல்லிட்டீங்க. கடைசிப் பக்கந்தான் பாக்கி.”

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போவதைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

“தண்ணியா? தண்ணிக்குப் பயமா?” குரலைத் தாழ்த்தினாள். “பயம்னா சொல்லியிருக்கலாமே. ஒரு சாண் தண்ணிங்க இது. கைய நான் பிடிச்சுக்கறேன்.”

கட்டிய கையை அவிழ்த்து நீட்டினாள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். துறைக்கும் படகுக்கும் நடுவே ஆடிய தண்ணீரையும் பார்த்தான்.

“தண்ணிக்குப் பயந்து இல்ல,” என்றான்.

சொல்லும்போது அவன் கண் அவளைத் தாண்டித் தங்கையிடம் போனது.

அவள் திரும்பவில்லை. குனிந்து படகின் தளத்தை மட்டும் பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளை ஷூ, இல்லாத பிரேக்கை முழு பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் தண்ணீர்தான்; நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.